மூன்றாவது, சவுக்கு

முதல் வில் ஒடிந்த சத்தத்துக்கு
எதிர்வீட்டு ரெஜினா ஓடிவந்து
"சிலிண்டரா?" என்றார்.
"மூங்கில்" என்றேன்.
வெளிப்புறம்தான் முதலில் கிழிந்திருந்தது,
மாமரத்திலிருந்து விழுந்து வரும்
பிள்ளைகளின் முன்கை போல.

இரண்டாவது ஒடியவில்லை.
வளைந்தது. வளைந்தபடியே இருந்துவிட்டது
நாணைக் கழற்றிய பிறகும்.
காயாத புளியங்கிளை.
ஐப்பசிக் கடலூரில் எது காயும்,
துவைத்த லுங்கிக்கே மூன்று நாள்.

மூன்றாவதுக்கு முதுநகர் போனேன்.
சாரம் கட்டும் சவுக்குகளை
ஒவ்வொன்றாய் உருட்டிப் பார்த்ததில்
ஹயாத் பாஷாவுக்குக் கோபம்:
"பொண்ணா பாக்குறீங்க? கட்டைங்க அது."
கணு குறைந்தது, திருகல் இல்லாதது,
என் உயரத்துக்கு நான்கு விரல் கூட.
எதுக்கு என்றார். பந்தலுக்கு என்றேன்.
மனைவியிடம் தோள்வலிக்குப் பயிற்சி என்றிருக்கிறேன்.
எனக்கு நான் இன்னும்
எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறையில்தான்
இரவும் பகலும் ஏசி ஓடும்.
முனைகளில் பெயின்ட் பூசி
ஈய அங்கி மாட்டும் கம்பிக்குப் பின்னால்
நான்கு மாதம் நிறுத்திவைத்தேன்.
கால் உடைந்த ஒருவர்
ஊன்றுகோல் என்று நினைத்து
எவ்வளவு என்று கேட்டார்.

பிறகு அரம், கண்ணாடிச் சில்லு, மொட்டைமாடி.
ஒரு கை சொன்னபடி வளைகிறது,
மறு கை விறைக்கிறது.
மெலிந்த கைக்கு ஊட்ட ஒன்றும் கிடையாது.
விறைத்ததைத்தான் சுரண்டவேண்டும்
அதுவும் மெலியும்வரை.
சுரண்டினால் இப்போது இது அதிகம் மெலிவு.
மறுபடி அது.
இருபது கிலோ இழுவை என்று தொடங்கியது
மீன்தராசில் தொங்கவிட்டபோது
பதினொன்றில் நின்றது.

நாணுக்குக் கேட்டதும்
அஞ்சாப்புலி நைலானைத் தள்ளிவைத்தான்.
"இது இழுத்தா நீளும்.
நீ இழுக்குறது மீன் இல்லையே."
அவன் முறுக்கித் தந்த நூலின் பெயரைக்
கேட்க மறந்துவிட்டேன்.
அம்புக்குக் கம்மியம்பேட்டைப் பாலத்தடியில்
கெடிலத்து நாணல்;
அடுப்பில் வாட்டி வாட்டி நிமிர்த்தியது,
ஏழில் நான்கு கருகின.
இறகு, ரெஜினா வீட்டுக்
கிறிஸ்துமஸ் வான்கோழி.

பங்குனியில் ஓர் இரவுப்பணி.
இரண்டு மணிவரை எலும்பு எதுவும் வரவில்லை.
மேசையில் வில்லைக் கிடத்தினேன்.
பெயர்: சவுக்கு. வயது: ஆறு.
ஆணா பெண்ணா என்ற கட்டத்தை
நிரப்பாமல் கணினி விடாது, பெண் என்று போட்டேன்.
குழந்தைக் கைக்கு வைக்கும் அளவே வைத்தேன்.

திரையில் நார்கள் ஓடின,
ஈரமணலில் அலை இழுத்துப்போன கோடுகளாய்.
கைப்பிடிக்கு மேலே ஒரு சாண் தள்ளி
கணுவின் ஓரம்
ஒரு மயிரிழை.

பத்தொன்பது வருடமாய் அதை
அடுத்தவர் உடம்பில் பார்த்துவிட்டு
"என்ன சார் தெரியுது?" என்பவர்களுக்கு
"டாக்டர் சொல்லுவார்" என்று மட்டும்
சொல்லிவந்தவன் நான்.

அழிப்பதற்குள்
வண்டிப்பாளையம் திருப்பத்தில் கவிழ்ந்த
ஷேர் ஆட்டோவிலிருந்து ஐந்து பேர்.
விடிந்து பார்த்தால்
தூக்கக் கண்ணோடு ஆறு படத்துக்கும்
அறிக்கை எழுதிவிட்டுப் போயிருந்தார் டாக்டர்.
சவுக்கு, பெண், ஆறு வயது:
முறிவு எதுவும் இல்லை.

ஞாயிறு, தேவனாம்பட்டினம்,
நடைப்பயிற்சிக்காரர்கள் வருமுன்.
முதல் அம்பு பாம்புபோல் நெளிந்து போய்
நண்டுவளை ஒன்றின் பக்கத்தில்
சாய்வாய்க் குத்தியது.
நடந்து அளந்தேன், இருபத்தாறு அடி.
ஒரு நாய் முகர்ந்துவிட்டு
வேண்டாம் என்று போனது.

தாடை வரை வரவேண்டிய நாணை
மார்போடு நிறுத்தியிருந்தேன்.
இன்னும் ஒரு சாண் பாக்கி.

டாக்டர் சொல்லிவிட்டார்.
இரண்டாவது அம்பைத் தொடுத்துக்கொண்டு
நிற்கிறேன்.