பின்கதவால் வாறவள்

திறப்புவிழாவுக்கு எனக்குக் காட் வராது.
முதல்நாள் இரவே கோல் வந்துவிடும்:
"அக்கா, விடிய ஏழு மணிக்கு
இருபது தட்டு. உடைசல் வேண்டாம்."

நாவற்குடாவிலிருந்து ஓட்டோவை
வேகத்தடைக்கெல்லாம் கும்பிடு போட்டு ஓட்டி வருகிறேன்.
கல்லடிப் பாலத்தில் காற்று
முட்டை மூடிய சீலையைப் பிடித்து இழுக்கும்.
திருமலை வீதியில் இந்த மாதம் மட்டும் மூன்று.
ஒன்று பேக்கரி, ஒன்று கொத்துக் கடை,
மற்றது என்னவென்று
அவர்களுக்கே இன்னும் தெரியாது.
கண்ணாடி மட்டும் போட்டாயிற்று.

முன்வாசலில் பலூன் வளைவு, நிறைகுடம்,
ரிப்பன் வெட்டக் கத்தரிக்கோல் தேடி ஓடும் பொடியன்.
பின்வாசலில் நான்.
பின்வாசலில்தான் கடை:
காயாத சீமெந்து மணம்,
லேபல் உரிக்காத சட்டி,
காஸ் சிலிண்டரோடு சண்டை பிடிக்கும் சமையல்காரர்,
அடுத்த மாதத் தவணையை
விரலில் எண்ணும் முதலாளி.

எனக்குச் சாத்திரம் தெரியாது. தட்டுத் தெரியும்.
முதல் கிழமை இருபது;
ஊரே வந்து படம் எடுத்துப் போகும்.
இரண்டாம் கிழமை பன்னிரண்டு.
மழை பெய்தால் எட்டு.
ஐந்துக்கு இறங்கி ஐந்திலேயே நின்றால்
அந்தக் கடை பிழைக்கும்.
லாபிர் காக்காவின் புரியாணிக் கடை
ஐந்தில் நின்று ஆறு வருஷம்.
"நாளைக்கு ஒரு தட்டுக் காணும் அக்கா" என்று
குரல் தாழ்ந்தால்
திரும்பி வரும் வழியிலேயே
வேறு ஆள் தேடத் தொடங்குவேன்.

வனோஜா கஃபே திறந்தது வாவிக் கரையில்.
டோஹாவில் ஒன்பது வருஷம்
ஆருக்கோ நுரை ஊற்றிய கை.
கோப்பிக்கு மேல் இலை வரைவாள்.
"இது அரசா, முருங்கையா?" என்றேன்.
"இலை எண்டால் இலைதான் அக்கா."
எனக்கும் ஒரு கோப்பை, பின்படியில்.
கலைக்க மனம் வராமல் பார்த்துக்கொண்டிருந்ததில்
ஆறிப்போனது. கசப்பு.

பதினெட்டு. பத்து. ஆறு. இரண்டு.
மறுகா தாறன் அக்கா.

மறுகா எங்கள் ஊர்ச் சொல்.
பிறகு என்றும் கேட்கும்,
மீண்டும் என்றும் கேட்கும்.
எதைச் சொன்னாள் என்று நான் விசாரிக்கவில்லை.
கொப்பியில் எழுதினேன்:
நாற்பத்தொரு தட்டு.

கார்த்திகை மழையில் ஷட்டர் இறங்கியது.
கூப்பிட்டாள், போனேன்.
ஃபிரிஜ்ஜை லீசிங்காரன் கொண்டுபோய்விட்டான்.
மெஷின், மாமாவிடம் பட்ட கடனுக்கு.
சுவரில் பெயர் மட்டும் மிச்சம்,
எழுத்தெழுத்தாய் விளக்கு.
"இதில ஏதும் உங்களுக்கு உதவுமா?"

க உதவாது. பே உதவாது.
நடுவில் மூன்று வெள்ளை உருண்டை.
ஏணி வைத்து
அவளே கழற்றித் தந்தாள்.

இப்போது என் முட்டைக் கொட்டிலில்
ஃ எரிகிறது.
ஒவ்வொரு முட்டையாய் அதன் முன் பிடித்துப் பார்க்கிறேன்:
கீறல், இரத்தப் பொட்டு, கூழ்.
நல்லது ஒளியை உள்ளே விட்டுச்
செம்மஞ்சளாய் நிற்கும்.
இந்த எழுத்து எந்தச் சொல்லில் வரும் என்று
ஐந்தாம் வகுப்பில் ரீச்சர் கேட்டு
எஃகுக்கு மேல் ஒன்றும் வராமல்
அடி வாங்கியிருக்கிறேன்.

நேற்று இரவு கோல்.
தெரியாத நம்பர், தெரிந்த குரல்.
ஆரையம்பதியில் சின்னதாய் ஒரு கடை,
பின்னேரத்தில் மட்டும்.
கோப்பி இல்லை, முட்டை அப்பம்.
"ஐந்து தட்டு அக்கா. காசு கையில."

ஐந்தில் தொடங்கிய கடையை
நான் இதுவரை கண்டதில்லை.
நாற்பத்தொன்றைப் பற்றி
இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை.

"போர்டில என்ன போடப் போறாய்?"
"இன்னும் யோசிக்கல்ல."
"விளக்கு வேணுமெண்டால் கிடக்கு."
கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம்.
"நீங்களே வைச்சிருங்க அக்கா.
அந்த எழுத்து வராத பேராப் பாக்கிறன்."