நானூறு மீட்டர்

ஜெர்மனியில் போன வாரம் பெய்த மழை
இன்றைக்குத்தான் எங்கள் ஊர் வந்து சேர்கிறது.
லெக் ஆறு ஏறுகிறது.
இரவு பதினொன்றே காலுக்குத்
தொலைபேசி சொன்னது:
பதினேழாம் பகுதி, நானூறு மீட்டர்,
இருவர் இருவராக.

எனக்கு வாய்த்த இணை வெசல் ஹார்டெமான்.
ஆளைப் பார்த்ததில்லை. கையெழுத்து தெரியும்.
நீர்வாரியத்தின் வரிப் பிரிவில்
அவருடைய ஏழு ஆட்சேபக் கடிதங்களையும்
கோப்பில் இட்டவள் நான்.
'என் வீடு மேட்டில் இருக்கிறது,
பள்ளத்தில் இருப்பவன் கட்டட்டும்.'
இது மூன்றாவது.
ஐந்தாவதில் என் மேலதிகாரியை
நீர்க்கோழி என்று எழுதியிருந்தார்.

பெயரைச் சொன்னேன். வேலையைச் சொல்லவில்லை.

பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்:
ஆற்றைப் பார்க்காதே,
அது தன்னைத்தானே காட்டிக்கொள்ளும்.
கரையின் உட்புற அடிவாரத்தைப் பார்,
புல்லுக்கு வியர்த்திருக்கிறதா என்று.

மழை பக்கவாட்டில் அடித்தது.
போனோம், வந்தோம், போனோம்.
பதினாறாம் பகுதியின் விளக்கு
எங்கள் எல்லைவரை வந்து
தலையசைத்துத் திரும்பியது.
யாரென்று இன்றுவரை தெரியாது.

இரண்டரைக்கு, ஆட்டுப்பட்டி வேலியருகே,
தட்டகலத்தில் ஓர் ஊற்று.
ஹார்டெமான் மண்டியிட்டு
உள்ளங்கையில் ஏந்தினார். டார்ச்சைப் பிடித்தேன்.
தெளிந்த நீரென்றால் குறித்துக்கொண்டு நடக்கலாம்.
நீர் வழிந்தது; அவர் விரலிடுக்கில்
மணல் தங்கியது.
'கரை கரைகிறது' என்றேன் தொலைபேசியில்.

லாரி வரும்வரை முப்பத்தொரு மூட்டை.
அடைக்கக் கூடாது,
அடைத்தால் வேறிடத்தில் கிளம்பும்.
கிணற்றுச் சுவர்போலச் சுற்றி அடுக்கி
ஊறியதை உள்ளேயே உயரவிட வேண்டும்,
தன் பாரத்தில் தானே அடங்கும்வரை.
அவர் தூக்கினார். நான் அடுக்கினேன்.
கோணலாக வைத்த ஒன்றை
இருவருமே எடுத்துத் திருத்தப்போய்
கை மோதிக்கொண்டோம்.

ஆற்றைவிடத் தாழ்ந்த கூரைகளுடன்
அவர் கட்டச் சொன்ன அந்தப் பள்ளத்து வீடுகள்
விளக்கணைத்துத் தூங்கின.
ஒன்றில் மட்டும்
குழந்தை அழுது ஓய்ந்தது.

விடியும்போது மணல் நின்றிருந்தது.
ஃபிளாஸ்க்குக்கு ஒரே மூடி,
மாற்றி மாற்றிக் காப்பி.
'வரி வாங்கித் தின்கிறார்களே,
ஒருத்தரையாவது இங்கே பார்த்தீர்களா?' என்றார்.
நான் குடித்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை எட்டாவது கடிதம் வந்தது.
அதே வாதம், அதே சாய்ந்த எழுத்து,
ஓரத்தில் கட்டைவிரல் அளவு சேறு.
நிராகரிக்கிறோம் என்று தட்டச்சு செய்தேன்.
வழக்கமாகப் பிரிவின் முத்திரை மட்டும்தான்.
அதற்குக் கீழே
என் பெயரை முழுதாக எழுதினேன்.