தன்மை ஒருமை

பத்து நாளாய் ஒரே சொல்லில் நிற்கிறேன்.
விசுவாசிக்கிறேன்.
லத்தீனில் இரண்டே அசை.
எழுதப்போனால் பென்சில் முனை ஒடிகிறது.

கீழே துறையில்
காட் மீன்களைத் தலை நீக்கி
மரச்சட்டங்களில் தொங்கவிடுகிறார்கள்.
பிப்ரவரி. நாலரைக்கே இருட்டு.
என் பியானோவில் மேல் ஃபா ஊமை,
உப்புக்காற்று தின்றுவிட்டது.
அதனால் இந்தப் பூசையிசையில்
மேல் ஃபா எங்குமே இல்லை.
இறையியல் காரணம் தேடுவார்கள்,
தேடட்டும்.

'இரக்கமாயிரும்' தானாய் வந்தது.
இரக்கம் கேட்க நம்பிக்கை எதற்கு,
தேவை போதும்.
'பரிசுத்தர்' கூட ஒரு விடியலில்
பனிவாரும் வண்டி தெருமுனை திரும்புகையில்
அதன் இரைச்சலுக்குள் கிடைத்தது.

இந்தச் சொல்லின் வாலில் மட்டும்
'நான்' ஒட்டிக்கொண்டிருக்கிறது.
'நாங்கள்' என்றிருந்தால்
பதினேழு தொண்டைகளுக்குள் ஒளிந்திருப்பேன்.

தோர்கில்ஸிடம் கொடுத்தேன்.
படகு எஞ்சின் பழுதுபார்ப்பவன்.
ஒத்திகைக்கு வருவது
வாஃபிளுக்கும் காப்பிக்கும்.
கடவுள் இல்லை என்று அவன் சொன்னாலே
மேசை அதிரும், அப்படியொரு கீழ்க்குரல்.

"நான் பாடினால் பொய்யாகுமே, கூத்னி?"
"பொய்யோ மெய்யோ என்னுடையது.
குரலை மட்டும் கடன் கொடு."
டீசல் கறை படிந்த விரலால்
தாளில் அந்த இடத்தைத் தொட்டான்.
"கடன் என்றால் திருப்பித் தரணும்."

ஞாயிறு. புயல்.
பூடோவிலிருந்து வரும் படகு
அக்கரையிலேயே கட்டிக் கிடந்தது, அவனோடு.
பதினாறு பேர் நின்றார்கள்.
கோவில் ஓட்டில் ஆலங்கட்டி.
அந்த இடம் வந்தது.
என் கை மேலேயே நின்றது.
ஒரு தாளம்.
இரண்டு.
முன் வரிசையில் யாரோ
கையுறையைக் கழற்றும் சத்தம்.
மூன்று.

யாரோ பாடினார்கள்.
கரகரத்த, பழகாத குரல்,
அரைச்சுரம் கீழே.
அல்டோ வரிசையில் ரங்க்ஃப்ரித்
கண் விரித்து என்னைப் பார்த்தபோதுதான் தெரிந்தது
திறந்திருப்பது என் வாய்.

சுருதி தவறிவிட்டது. சந்தேகமே இல்லை.
அடுத்த அடிக்கு
அவர்கள் பழைய இடத்தில் ஏறியிருக்கலாம்,
ஆறு வாரம் பழகிய இடம்.
ஏறவில்லை.
பதினாறு பேரும், ஒருவரையொருவர் பாராமல்,
நான் விழுந்த படிக்கு இறங்கிவந்து
அங்கிருந்தே தொடர்ந்தார்கள்,
வானத்தையும் பூமியையும் படைத்தவர் என்று.

இன்று அழிப்பானோடு உட்கார்ந்திருக்கிறேன்.
மீதியை அரைச்சுரம் இறக்கியாயிற்று.
அந்த ஒரு சொல்லுக்கு மேலே
'தனிக்குரல், கீழ்ஸ்தாயி' என்றிருந்ததை
அழித்துவிட்டேன்.
வேறெதுவும் எழுதவில்லை.

தொலைபேசி அடிக்கிறது.
தோர்கில்ஸாகத்தான் இருக்கும்,
கடன் பற்றிக் கேட்பான்.