நூற்றைம்பது டிகிரி

லிபெரெட்ஸில் விடியுமுன்பே ஷிஃப்ட்.
தொளதொளவென்று வருகிறது பின்னல் குழாய்,
டீசல் எஞ்சினின் ரப்பர் ஹோஸ் மேல்
அண்ணன் சட்டையைத் தம்பிக்குப் போட்ட மாதிரி.
விளாஸ்தா ஹீட் கன்னைக் காட்டுகிறாள்:
நூற்றைம்பது டிகிரி, பதினோரு நொடி.
கண்ணி கண்ணியாய்ச் சுருங்கி
வளைவிலும் ஒட்டிக்கொள்கிறது.
நகம் நுழைந்தால் கழிவு.
இன்று நான்கு.

போன வாரம் வீட்டில்
போஹுமிலின் கம்பளி ஸ்வெட்டரை
அறுபதில் துவைத்துத் தொலைத்தாள்.
விரித்துப் பார்த்தான், மடித்து வைத்தான்.
ஒன்றும் சொல்லவில்லை;
அதுதான் சுட்டது.

இருட்டில் பனியை மிதித்துத் திரும்புகிறாள்.
கொல்லைக் குழாய் உறையாதிருக்க
ஸ்வெட்டரின் ஒரு கையை வெட்டி மாட்டியிருக்கிறான்,
முழங்கை சரியாக வளைவில்.
கையுறையைக் கழற்றி
நகத்தை விட்டுப் பார்க்கிறாள்.

நுழையவில்லை.