பதினான்காம் பக்கம்

தாராபுரத்து மிஷன் ஆஸ்பத்திரியில்
பழைய ஸ்டோர் ரூமை இடிக்கிறார்கள்.
"வேணுங்கிறதை எடுத்துக்குங்க சிஸ்டர்,
மீதி எடைக்குப் போகுது" என்றார் மேஸ்திரி.
முப்பத்தோரு வருஷம் அங்கே ஊசி போட்டவள் நான்.
எடுத்தது ஒரே ஒரு புத்தகம்:
ஒஹையோவில் அச்சாகிக் கப்பலில் வந்த
மாதப் பத்திரிகை,
ஒரு வருஷத்து இதழ்களைச் சேர்த்துத் தைத்தது.
ஓரத்தைக் கரையான் ருசி பார்த்திருந்தது.

ஆசிரியர்: மிஸ் மின்னி ஹாப்குட்.
எங்கள் ஊர் வாயில் ஆப்புக்குட்டம்மா.

சட்டைப் பொத்தான் செய்து பணக்காரரானவருக்கு
ஒரே மகள்.
இருபத்தாறு வயதில் பியானோவை விற்றாள்,
முப்பதில் வீட்டை.
பெண் கேட்டு வந்த வக்கீலிடம்
சந்தா கேட்டாளாம்.
அவர் கடைசி வரை கட்டினார்.

அமராவதி வற்றிக் கிடந்த ஒரு மாசியில்
ஜட்கா வண்டியில் வந்து இறங்கினாள்.
ஒரு டைப்ரைட்டர், ஒரு பெட்டிக் கேமரா,
பச்சை மை பன்னிரண்டு புட்டி.
வெயிலுக்கு மை காய்ந்துவிடும் என்று
பானைக்கு அடியில் ஈர மணலில் புதைத்து வைப்பாள்.

பிரசவ வார்டு கட்ட வேண்டும்.
பணம் அங்கே; பிரசவம் இங்கே.
நடுவில் அவள் பத்திரிகை.

பதினான்காம் பக்கத்தில் என் அம்மா.
பாவாத்தாள். பத்தொன்பது வயது. இடுப்பில் நான்.
கீழே ஒரு வரி:
பஞ்சத்தின் வாயிலிருந்து மீண்ட தாய்.

பஞ்சமா?
தோட்டத்தில் கவலை இறைக்க
காங்கயம் மாடு ரெண்டு சோடி,
குதிரில் சோளம், மொடாவில் கம்பு.
"தொரைசானி ஊருக்குப் புதுசு, குடுத்துட்டு வா" என்று
மாமியார் கொடுத்தனுப்பிய பூசணிக்காயோடு
போயிருந்தாள் அம்மா.
படத்தில் பூசணிக்காய் இல்லை.
காலடியில் வைக்கச் சொல்லி,
பிறகு அதையும் ஓரமாக உருட்டிவிட்டு,
சிரிக்காதே என்று சைகை காட்டினாளாம்.
அந்த அரை நிமிஷம்
அம்மாவுக்கு வெயிலில் கண் கூசியது.
அதைத்தான் ஒஹையோவில்
பசி என்று படித்தார்கள்.

ஆயிரத்து நூற்று நாற்பது டாலர் வந்தது.
ஜூலை இதழில் கணக்கு இருக்கிறது, சென்ட் வரைக்கும்.
பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று அனுப்பிய பத்து சென்டும்
பேர் போட்டு.
எட்டுக் கட்டில், ஒரு பாய்லர், தொங்குவிளக்கு.
அந்த விளக்குக்கு அடியில்தான் என் தம்பி
கால் முன்னால் வந்து பிறந்தான்.
வீட்டில் என்றால் ரெண்டு உயிரும் போயிருக்கும்.
எத்தனையோ பிரசவம் பார்த்த கை இது, எனக்குத் தெரியும்.
பொய்யில் வேர் விட்ட மரம் என்று
வெட்டிப் போட முடியவில்லை.
நிழலில் தம்பி நிற்கிறான்,
எண்பது கிலோ, சர்க்கரை வியாதியோடு.

பக்கத்தைத் திருப்பப் போனேன்.
ஓரத்தில் பச்சை மை.

பஞ்சம் என்ற சொல்லின் மேல் ஒரு கோடு,
கோட்டின் வாலில்
அச்சுப் பிழைக்குப் போடுகிற சுழி.
பக்கத்தில் எறும்பு எழுத்தில்:
பூசணிக்காய் கொண்டுவந்தாள்.
காசு கொடுத்தேன், வாங்கவில்லை.
அடுத்த இதழில் திருத்தம் போடவும்.

ஆசிரியரும் அவளே.
யாருக்கு எழுதிய உத்தரவு?
அடுத்த இதழைப் பார்த்தேன். அதற்கடுத்ததை.
டிசம்பர் வரை, கேக் செய்முறை, நன்றிக் கடிதம்,
ஒன்று விடாமல்.
திருத்தம் இல்லை.
எட்டுக் கட்டிலை எண்ணிப் பார்த்துப்
பேனாவை மூடிவிட்டாளோ என்னவோ.
வார்டு வாசலுக்கென்று தன் பேர் வெட்டி வந்த கல்லை
கவிழ்த்துப் போடச் சொன்னவளும் அவள்தான்.
அந்தக் கல்லில்தான் வார்டுத் துணி துவைப்பார்கள்.

அம்மாவுக்குக் காட்டினேன்.
கண்ணாடியை மாட்டிக்கொண்டு
பத்தொன்பது வயசை உற்றுப் பார்த்தாள்.
"நல்லாத்தான் புடிச்சிருக்குது."
கீழே இருந்த வரியைச் சொன்னேன்.
பச்சை மையையும் சொன்னேன்.
ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.
அப்புறம்,
"ஏன் அம்மிணி, பூசணிக்காயை எழுதுனவ
ஆட்டையும் எழுதியிருக்கலாமில்ல?
நாப்பத்தி மூணு ஆடு."

பென்சில் எடுத்தேன்.
பச்சைக்குக் கீழே
இடம் கொஞ்சம்தான் இருந்தது.