பதினேழு மீட்டர்

சிவப்புச் சாயம் அடிக்கிறேன். துடைக்கிறேன்.
வெண்தூள் தூவிக் காத்திருக்கிறேன்,
ஏழு நிமிடம், சில நேரம் எட்டு.
உலோகத்துக்குள் ஒளிந்திருந்தது
தானே ஏறி வருகிறது மேலே:
மயிரிழைத் தடிமனில் ஒரு சிவப்பு.
ஃபிர்மென் விளக்கைச் சாய்த்துப் பிடிக்கிறான்.
"இதுவுமா?"
"இதுவும்."

உள்ளே ஒருநாள் பதினைந்து கோடி டிகிரி வருமாம்.
ஓர் ஆள் நீளம் தள்ளி, காந்தச் சுருள்களில்,
விண்வெளிக்கு அடுத்தபடியான குளிர்.
இரண்டுக்கும் நடுவே வெள்ளி பூசிய இந்தத் தகடு,
அதன் முதுகில் ஓடும் இந்தக் குழாய்.
பற்றவைத்த இடத்தில் கழுவாமல் விட்ட
துளிக் குளோரின். அவ்வளவுதான்.
பூமியில் செய்யவிருந்த சூரியன்
ஒரு சிட்டிகை உப்புக்காகக் காத்து நிற்கிறது.

வரைபடத்தில் கொரிய எழுத்து,
ஓரத்தில் ஜப்பானியத்தில் ஒரு கேள்வி,
அதற்கு இத்தாலியனில் பதில்,
பதிலுக்குக் கீழே
பிரெஞ்சில் என் கெட்டவார்த்தை.

அந்த டிசம்பரில் கேன்டீனில் ஒரே கைதட்டல்.
கலிஃபோர்னியாவில் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு லேசர்கள்
மிளகைவிடச் சிறிய உருண்டையைச் சுட்டனவாம்.
போட்டது இரண்டு, எடுத்தது மூன்று.
நானும் தட்டினேன். கண்கூடக் கலங்கியது.
ஃபிர்மென் காகிதத் துண்டில் இன்னோர் எண் எழுதி
என் தட்டின் அடியில் செருகினான்: முந்நூறு.
லேசர்கள் சுவரிலிருந்து உறிஞ்சிய மின்சாரம்.
கைக்கு எட்டியது.
வாய்க்கு இன்னும் தொலைவு.

தம்பி மத்யுரேன் கார்தானில் நிலக்கரி தள்ளியவன்.
கொதிகலனை அணைத்த அன்று
தலைக்கவசத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தான்,
இப்போது அதில் உருளைக்கிழங்கு போட்டு வைத்திருக்கிறான்.
ஞாயிறு மதியம் ஞாயிறைப் பற்றித்தான் கேட்பான்:
"அக்கா, உன் உலை எப்போது கொதிக்கும்?"
நான் பள்ளியில் படிக்கையில் முப்பது ஆண்டு என்றார்கள்.
எனக்கு இப்போது ஐம்பத்தொன்று.
முப்பதுக்கு மட்டும் வயதே ஆகவில்லை.

வயதாவது ட்ரிட்டியத்துக்கு.
உலகத்தில் இருப்பதே கொஞ்சம்,
அதிலும் பன்னிரண்டு ஆண்டில் பாதி காணாமல் போகும்,
பெட்டியைத் திறக்காமலே.
தீர்வதற்குள் உலை தன் தீனியைத் தானே
லித்தியத்தில் விளைவித்துக்கொள்ள வேண்டும்.
அந்த வயலை இதுவரை யாரும் முழுதாக உழுததில்லை.
நியூட்ரான்கள் ஆண்டுக்கணக்கில் அடித்தால்
எந்த எஃகு தாங்கும்?
இதையெல்லாம் தம்பியிடம் சொல்வதில்லை.
இல்லை, சொல்கிறேன், ரொட்டி தீரும்வரை.

வேலிக்கு அப்பால் பழைய எந்திரம் ஒன்று
ஒரு பிப்ரவரியில் இருபத்திரண்டு நிமிடம்
நெருப்பைத் தொடாமல் ஏந்தி நின்றது.
அதையும் சொன்னேன்.
"இருபத்திரண்டு நிமிடத்தில் கிழங்கு வேகும்" என்றான்.
வேகும்.
ஆனால் அந்த நெருப்பு மின்சாரம் தரவில்லை,
வாங்கித்தான் எரிந்தது என்றேன்.
விரிசல் பார்க்கிற கண்ணுக்குப் பொய் வராது.

மிஸ்ட்ரல் காற்று ஜன்னலை உலுக்குகிறது.
அவன் வீட்டு ஹீட்டர் டிக் டிக் என்று
பணத்தை எண்ணுகிறது.
"சரி, இந்த வாரம் என்ன செய்தாய், அதைச் சொல்."

பழுதான குழாயைத் தகட்டிலிருந்து அரைத்து எடுத்தோம்.
தகடு சூடேறி வளையக்கூடாது.
ஒரு சாண் அரைத்து, கை வைத்துப் பார்த்து, பொறுத்து,
மறுபடி ஒரு சாண்.
புதன்கிழமை ஃபிர்மென் பாடுவதை நிறுத்திவிட்டான்.
வெள்ளிக்கிழமை ஏனோ மறுபடி தொடங்கினான்.

"பதினேழு மீட்டர்" என்றேன்.
மத்யுரேன் சிரிக்கவில்லை.
"எத்தனையில்?"
"இருபது கிலோமீட்டருக்கு மேல்."
தலைக்கவசத்திலிருந்து
இன்னும் மூன்று கிழங்கு எடுத்து
தோல் சீவ உட்கார்ந்தான்.