ஜிவ்கோவின் தவளை

பொத்தானைத் தட்டிவிட்டுப் போய்
காபி போட்டு, குடித்து, கோப்பையையும் கழுவிக் கவிழ்த்து
வந்து பார்த்தாலும்
வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும்.
பதினோராயிரத்து நானூற்று ஆறு எழுத்துருக்கள்.
ஒவ்வொன்றையும் பேர் சொல்லி எழுப்பிய பிறகுதான்
கண் திறக்கும் இந்தப் பெட்டி,
ப்ளோவ்திவ் ரயிலடிக்குப் பின்னால்
எங்கள் அச்சுக் கடையில்.

யார் ஏற்றியது இத்தனையும்?
நான்தான்.
இலவசம் என்றால் இறக்குவேன்.
வட்டுக்கு ஆயிரம் என்றால் வட்டோடு வாங்குவேன்.
கல்யாண அழைப்புக்கு ஒன்று பிடித்திருந்தது,
பாலாடைக்கட்டி டப்பாவுக்கு ஒன்று.
பேய்ப்படச் சுவரொட்டி எழுத்து மட்டும் நாற்பது வகை;
இதுவரை ஒரு பேயும் அச்சடிக்க வரவில்லை.
பாதியில் எங்கள் எழுத்தே கிடையாது.
தட்டத் தட்ட வெற்றுக் கட்டங்கள் வரும்,
யாரும் குடிவராத அடுக்குமாடியின் ஜன்னல்களாக.
மீதியில் பலவும் ருஷ்ய வார்ப்பு:
எங்கள் ஊர் 'வ' தலை நிமிர்ந்து நிற்கும்,
அதில் குந்தியிருக்கும்.

போன செவ்வாய் ருமியானா சொன்னாள்
(கடை அவளுடையது, கடன் அவளுடையது):
"சாயங்காலத்துக்குள் இருநூறு.
அதற்கு மேல் ஒன்று இருந்தாலும்
உன் சம்பளத்தில் பிடிப்பேன்."

மேலாண்மை நிரல் ஒன்றை நிறுவினேன்.
அழிக்க வேண்டாம், அணைத்தால் போதும் என்றது அது.
அணைத்தேன்.
முதல் நூறுக்கு முன்னோட்டம் பார்த்தேன்,
அடுத்த நூறுக்குப் பெயர் படித்தேன்,
பிறகு படிக்கவும் இல்லை.
ஒரே பெயரில் மூன்று பேர் நின்றார்கள் ஓரிடத்தில்.
ஒருத்தரை வைத்துக்கொண்டு
இரண்டு பேரை அணைத்தேன்,
முகம் பார்க்காமல்.

மறுநாள் நாற்பது நொடியில் எழுந்தது கணினி.
எனக்குக் காபி கிடைக்கவில்லை.

வியாழன் மதியம் ஸ்த்ராவ்கா வந்தாள்.
கதவில், மரத்தில், பேருந்து நிறுத்தத்தில்
இறந்தவர் படத்தோடு தாள் ஒட்டுவோம் நாங்கள்,
நாற்பதாம் நாள், ஆறாம் மாதம்,
பிறகு ஆண்டுக்கு ஒன்று, ஒட்டுகிறவர் இருக்கும் வரை.
அவள் கணவர் ஜிவ்கோவுக்கு இது மூன்றாவது ஆண்டு.
"பழையபடியே. இரண்டை மூன்றாக்கு, போதும்."

பழைய கோப்பைத் திறந்தேன்.
கணினி என்னவோ கேட்டது,
'சரி' என்று தட்டினேன், படிக்காமல்.
முப்பது பிரதி சூடாக விழுந்தது.

கண்ணாடியை ஏற்றிப் பார்த்தாள்.
தலையை மேலும் கீழுமாக அசைத்தாள்.
எங்களிடம் அது 'இல்லை'.

"இது அவர் இல்லை."

படம் அவர்தான். தேதி சரி.
அவள் விரல் பெயரின் முதல் எழுத்தில் நின்றது.
நாலு காலையும் விரித்த எழுத்து;
தவளை வரைந்துதான் பள்ளியில் பழக்குவார்கள்,
தவளைக்கும் அதுதான் முதலெழுத்து.
"அவருடையது குதிக்கப் போகும்," என்றாள்.
"இது லாரி ஏறினது."

கைப்பையிலிருந்து பழைய தாள்களை எடுத்தாள்,
நான்காக மடித்து, ஓரத்தில் பசை காய்ந்து.
பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.
லாரிதான்.

அணைந்து கிடந்த பதினோராயிரத்துச் சொச்சத்தில்
தேடப் போனேன்.
பெயர் தெரியும். அந்தப் பெயரில்தான் மூவர்.
நான் வைத்துக்கொண்டவர்தான் லாரிக்காரர்.
இரண்டாமவரைப் போட்டால் வரி உடைந்து
'மறவாத மனைவி'யில் மனைவி
அடுத்த வரிக்குப் போனாள்.
மூன்றாவதற்கு ஆக்கியவர் பெயர் இல்லை, பதிப்பு எண் இல்லை,
எந்தப் பத்திரிகையோடு ஓசியில் வந்த வட்டிலிருந்தோ.
ஏற்றினேன்.
முழங்கால் மடக்கி, பின்கால் ஊன்றி
உட்கார்ந்திருந்தது திரையில்.

ஸ்த்ராவ்கா தலையை இடமும் வலமுமாக ஆட்டினாள்.
முப்பதை வாங்கி எண்ணிப் பார்த்தாள்.
வீணான முப்பதையும் கேட்டாள்,
பின்பக்கம் வெள்ளைதானே, கணக்கெழுத ஆகும் என்று.

மாலையில் ருமியானா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.
"இருநூற்று ஒன்று காட்டுகிறதே?"

பிடித்துக்கொள் என்றேன்.